கொடையா, கூலியா? ஓய்வுக்காலப் பணத்தின் வரி வரலாறு

முப்பதாயிரத்தைப் பத்தால் பெருக்கினால் மூன்று லட்சம். வங்கி ஊழியர், பொதுத்துறை ஊழியர், தனியார் நிறுவன ஊழியர் என லட்சக்கணக்கானவர்களின் கடைசி நாள் கணக்கில் இந்தச் சின்னப் பெருக்கல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உட்கார்ந்திருந்தது.

பணிக்காலத்தில் எடுக்காமல் சேர்த்துவைத்த ஈட்டிய விடுப்பை, ஓய்வுபெறும்போது பணமாக வாங்கிக்கொள்ளலாம். அதில் எவ்வளவு வரை வரி இல்லை என்ற வரம்பை மத்திய அரசு 2002-ல் அறிவித்தது. அரசுப் பணியில் மிக உயர்ந்த அடிப்படைச் சம்பளம் அப்போது மாதம் 30,000 ரூபாய். வருமான வரிச் சட்டம் ஏற்றுக்கொள்வது அதிகபட்சம் பத்து மாதச் சம்பளம். ஆகவே வரம்பு 3 லட்சம் ஆனது.

ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பின், அரசுப் பணியின் உச்சத்திலுள்ள அமைச்சரவைச் செயலாளரின் சம்பளம் 2006 முதல் 90,000 ரூபாய். ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின், 2016 முதல் 2,50,000 ரூபாய். பழைய பெருக்கலைத் திரும்பப் போட்டிருந்தால் வரம்பு முதலில் 9 லட்சமாகவும் பிறகு 25 லட்சமாகவும் ஏறியிருக்கும். ஏறவில்லை. 2023 பட்ஜெட்டில்தான் நிர்மலா சீதாராமன் 25 லட்சம் என்று அறிவித்தார். அதுவும் அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் ஓய்வுபெறுவோருக்கு. இடைப்பட்ட ஆண்டுகளில், விடுப்புக் கணக்கில் 6.4 லட்சம் வாங்கிய ஒரு வங்கி அதிகாரிக்கு 3.4 லட்சம் வரிக்கு உட்பட்ட வருமானம். அவர் முப்பது சதவீத வரிப் படியில் இருந்திருந்தால் ஒரு லட்சத்துக்கு மேல் அந்த ஒரு வரியிலேயே போயிருக்கும். அதே நாளில் அதே தொகையோடு ஓய்வுபெற்ற மத்திய, மாநில அரசு ஊழியருக்கு ஒரு ரூபாய்கூட வரி இல்லை. அவருக்கு இந்த வரம்பே கிடையாது.

ஒரே நாட்டில், ஒரே வகைப் பணத்துக்கு இரண்டு நியாயம் எப்படி வந்தது? ஓய்வுக்காலப் பணம் என்பது எஜமானர் மனமுவந்து தரும் கொடையா, உழைத்தவர் முன்பே சம்பாதித்துவிட்ட கூலியா என்ற பழைய வழக்கில்தான் இதற்கான விடை இருக்கிறது. தொழிலாளர் சட்டமும் நீதிமன்றங்களும் அந்த வழக்கைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே தீர்த்துவிட்டன. வரிச் சட்டம் மட்டும் இன்னும் முழுதாகத் தீர்க்கவில்லை.

சென்னையில் எழுந்த முதல் எதிர்ப்பு

1857 கிளர்ச்சியை அடக்கிய செலவில் ஆங்கில அரசின் கஜானா காலியாகியிருந்தது. அதைச் சரிசெய்ய லண்டனிலிருந்து வந்தவர் ஜேம்ஸ் வில்சன். 1860 பிப்ரவரி 18 அன்று கல்கத்தாவில் அவர் வைத்த வரவு செலவுத் திட்டத்தில்தான் இந்தியாவுக்கு வருமான வரி அறிமுகமானது. ஆண்டுக்கு 200 ரூபாய்க்குக் கீழே வரி இல்லை. 200 முதல் 500 வரை 2 சதவீதம், அதற்கு மேல் 4 சதவீதம். வருமானங்களை நான்கு அட்டவணைகளாகப் பிரித்தார்கள். நான்காவது அட்டவணை, சம்பளமும் பென்ஷனும். இந்தியாவில் வருமான வரி பிறந்த அன்றே ஓய்வூதியமும் அதற்குள் வந்துவிட்டது.

பெரிய எதிர்ப்பு மெட்ராஸிலிருந்து கிளம்பியது. எதிர்த்தவர் ஆளுநரேதான். ரிப்பன் மாளிகைப் பக்கம் மக்கள் பூங்காவை அமைத்தவர் என்று சென்னை வரலாற்றில் பெயர் பெற்ற சர் சார்லஸ் டிரவெலியன், இந்த வரி இந்த மண்ணுக்கு ஒவ்வாது என்று குறிப்பு எழுதினார். எழுதியதோடு நிற்காமல் பத்திரிகைகளுக்கும் கொடுத்துவிட்டார். மேலிடத்துக்கு எதிராக ஆளுநர் பகிரங்கமாகப் பேசியதை லண்டன் பொறுக்கவில்லை. சில மாதங்களில் அவர் திருப்பி அழைக்கப்பட்டார். வில்சன் அந்த ஆண்டு ஆகஸ்டில் கல்கத்தாவிலேயே நோயில் இறந்தார். டிரவெலியன் பின்னர் நிதி உறுப்பினராகவே இந்தியாவுக்குத் திரும்பி வந்தார். 1865-ல், அவருடைய பொறுப்பில், அந்த வருமான வரி காலாவதியானது.

பிறகு வரிகள் வேறு வேறு பெயர்களில் வந்து போயின. 1886-ஆம் ஆண்டுச் சட்டம்தான் நிலைத்தது. அதன் முதல் பகுதிக்கே தலைப்பு, சம்பளங்களும் பென்ஷன்களும். ஆண்டு வருமானம் 2,000 ரூபாய்க்குக் கீழே என்றால் ரூபாய்க்கு 4 தம்பிடி வரி, அதற்கு மேல் 5 தம்பிடி. அன்றைய ரூபாய்க்கு 192 தம்பிடி என்பதால் இது இரண்டு, இரண்டரை சதவீத அளவுதான். 1922-ஆம் ஆண்டுச் சட்டமும் சம்பளம், கூலி, ஓய்வூதியம், பணிக்கொடை எல்லாவற்றையும் ஒரே கூடையில் வைத்தது.

இங்கே ஒரு முரண். வரி வாங்கும்போது ஓய்வூதியம் சம்பளம். உரிமை கேட்கும்போது அது சம்பளம் இல்லை. 1871-ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டம், பென்ஷன் தொடர்பான கோரிக்கைகளைச் சிவில் நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாதபடி பொதுவாகத் தடுத்துவைத்திருந்தது. கடன்காரர்கள் பென்ஷனை ஜப்தி செய்யக் கூடாது என்று காத்ததும் அதே சட்டம்தான். பாதுகாப்பு உண்டு, ஆனால் தருபவரின் தயவில். சர்க்கார் மனம் வைத்துத் தருவதை ஏன் நிறுத்தினாய் என்று சர்க்காரையே கேட்க முடியாது என்பது அன்றைய எண்ணம். "கால் காசானாலும் கவர்மென்ட் காசு" என்று நம் ஊர்களில் சொல்லிவந்தார்களே, அந்தக் காசின் மதிப்பும் அதன் சார்ந்திருப்பும் இந்த ஒரே இடத்தில் சேர்ந்து கிடந்தன.

ரூபாய்க்கு ஓர் அணா

அரசுப் பணிக்கு வெளியே நின்றவர்களுக்கு அந்தத் தயவும் கிடையாது. ரயில்வேயிலும் சில பெரிய நிறுவனங்களிலும் வருங்கால வைப்பு நிதி இருந்தது. 1925-ல் வந்த வருங்கால வைப்பு நிதிச் சட்டம் அரசு, ரயில்வே ஊழியர்களின் நிதிக்குப் பாதுகாப்புத் தந்தது. தனியார் நிறுவனங்கள் நடத்திய நிதிகளுக்கு 1930-ல் வருமான வரிச் சட்டத்தில் ஒரு தனி அத்தியாயம் சேர்ந்தது. வரித்துறையின் அங்கீகாரம் பெற்ற நிதியாக இருந்தால் அதற்குச் சலுகை என்ற முறை அப்போது தொடங்கியதுதான். அங்கீகரிக்கப்பட்ட வருங்கால வைப்பு நிதி என்ற பெயர் இன்றும் சட்டப் புத்தகத்தில் நீடிக்கிறது.

ஆலைத் தொழிலாளிக்கு வாசல் திறந்தது சுதந்திரத்துக்குப் பிறகுதான். 1951 நவம்பரில் அவசரச் சட்டமாக வந்து, 1952-ல் நாடாளுமன்றச் சட்டமானது தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி. தொடக்கத்தில் ஆறே ஆறு தொழில்கள்: சிமென்ட், சிகரெட், பொறியியல் பொருட்கள், இரும்பு எஃகு, காகிதம், ஜவுளி. ஜவுளி அந்தப் பட்டியலில் இருந்ததால் கோவை, மதுரைப் பக்கத்து மில் தொழிலாளர்களுக்கு இந்த நிதி முதல் சுற்றிலேயே வந்து சேர்ந்தது. பிடித்தம் ஆறே கால் சதவீதம். அன்றைய கணக்கில் சொன்னால் ரூபாய்க்கு ஓர் அணா. தொழிலாளி ஓர் அணா, முதலாளி ஓர் அணா. இன்று அது இருபக்கமும் 12 சதவீதமாக வளர்ந்திருக்கிறது.

இந்த நிதிக்கு மூன்று வாசல்கள். பணம் உள்ளே போகும் வாசல், வட்டியோடு வளரும் முற்றம், ஓய்வில் வெளியே வரும் வாசல். உலகில் பல நாடுகள் இந்த மூன்றில் ஓரிடத்திலாவது வரி வாங்குகின்றன. இந்தியா நெடுங்காலம் மூன்றிலுமே வாங்கவில்லை. உள்ளே போகும் தொழிலாளியின் பங்குக்குக் கழிவு, முதலாளியின் பங்கு, விதித்த அளவுக்குள் இருந்தால் வருமானமே இல்லை, வட்டிக்கு விலக்கு, ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றிவிட்டு எடுத்தால் மொத்தத் தொகைக்கும் விலக்கு. எல்லோருக்குமான ஓய்வூதியத்தைத் தர முடியாத ஓர் ஏழை அரசு, நீயே சேர்த்துக்கொள், நான் கை வைக்க மாட்டேன் என்று குடிமக்களுக்குக் கொடுத்த வாக்கு இது. அந்த வாக்கின் கனத்தை 2016-ல் தில்லி நன்றாகவே உணர்ந்தது. அதற்கு முன் பணிக்கொடையின் கதையைப் பார்த்துவிட வேண்டும்.

பெயரிலேயே கொடை

கிராஜுவிட்டி என்ற சொல்லுக்கு அன்பளிப்பு என்ற நிழல் உண்டு. தமிழில் பணிக்கொடை என்று பெயர்த்தபோது அந்த நிழலும் கூடவே வந்துவிட்டது. ஆனால் பம்பாயில் துணி வெளுக்கும் ஒரு சிறு நிறுவனத்தின் தொழிலாளர்கள் தொடர்பான வழக்கில், 1961-ல் உச்ச நீதிமன்றம் இந்தப் பெயரின் பொருளைத் திருத்தியது. பணிக்கொடை இனாம் அல்ல, செய்த பணிக்காகத் தருவது என்பதே தீர்ப்பின் சாரம். பெயரில் கொடை, பொருளில் கூலி.

அதே 1961-ல் இயற்றப்பட்ட வருமான வரிச் சட்டம் வேறு வழியில் நடந்தது. அரசு ஊழியரின் பணிக்கொடைக்கு முழு விலக்கு அளித்தது. மற்றவர்களுக்குச் சூத்திரமும் வரம்பும் போட்டது: பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம், அதிகபட்சம் 24,000 ரூபாய் அல்லது பதினைந்து மாதச் சம்பளம், இவற்றில் எது குறைவோ அது. அரசு தன் ஊழியருக்குக் கொடுத்ததில் வரி பிடிப்பது ஒரு பையிலிருந்து எடுத்து மறு பையில் போடும் வேலை, ஆகவே விலக்கு என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம். ஆனால் அதே அரசு அதே ஊழியரின் மாதச் சம்பளத்திலும் மாத ஓய்வூதியத்திலும் தயங்காமல் வரி பிடிக்கிறது. பை ஒன்றுதான் என்றால் அங்கேயும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்?

கேரளம் 1970-லும் மேற்கு வங்கம் 1971-லும் பணிக்கொடையைச் சட்டக் கடமையாக்கின. 1972-ல் நாடு முழுவதற்குமான பணிக்கொடை வழங்கல் சட்டம் வந்தது. கணக்கு எளிது. கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணியாண்டுகளால் பெருக்க வேண்டும். மாதத்தில் வேலை நாள் 26, ஓர் ஆண்டுப் பணிக்குப் பதினைந்து நாள் கூலி. தொழிற்சங்க அலுவலகச் சுவர்களில் சாக்பீஸால் எழுதிவைக்கும் அளவுக்கு இது தொழிலாளர்களுக்கு மனப்பாடம்.

சூத்திரத்தில் தகராறு இல்லை. வரம்பில்தான். அரசு ஊழியருக்கு உயர்ந்தபட்சப் பணிக்கொடை எவ்வளவு என்பதை ஊதியக் குழு தீர்மானிக்கும். தனியார்த் தொழிலாளியின் வரம்பையும் அதற்கான வரி விலக்கையும் உயர்த்தச் சட்டத் திருத்தமோ தனி அறிவிக்கையோ வேண்டும். இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தைத் தேதிகளே சொல்லும். மூன்றரை லட்சம் என்ற வரம்பு மத்திய அரசு ஊழியருக்கு 1996 ஜனவரி 1 முதல். மற்றவருக்கு 1997 செப்டம்பர் 24 முதல். பத்து லட்சம் அவருக்கு 2006 ஜனவரி 1 முதல். இவருக்கு 2010 மே 24 முதல். இருபது லட்சம் அவருக்கு 2016 ஜனவரி 1 முதல். இவருக்கு 2018 மார்ச் 29 முதல். அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டதும், 2024 ஜனவரி 1 முதல் அவருக்கு 25 லட்சம் ஆனது. அந்தப் படி ஏறியபோது இவர் 20 லட்சத்திலேயே நின்றார்.

பத்து லட்சக் கதையில் இடைவெளி நான்கு ஆண்டுகளுக்கு மேல். 2006-க்கும் 2010-க்கும் நடுவே ஓய்வுபெற்ற ஓர் ஆலைத் தொழிலாளியோ பொதுத்துறை அதிகாரியோ செய்த தவறு, பிறந்த தேதி மட்டும்தான்.

நீதிமன்றம் மாற்றிய அகராதி

தயவு என்ற எண்ணம் ஓய்வூதியத்திலும் உடைந்தது. 1971-ல் பீகார் அதிகாரி ஒருவரின் வழக்கில், ஓய்வூதியம் அரசின் விருப்பத்தைப் பொறுத்த சன்மானமல்ல, அது ஊழியரின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நகாரா என்ற ஓய்வூதியர் தொடுத்த வழக்கில் 1982 டிசம்பர் 17 அன்று வந்த தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. ஓய்வுபெற்ற தேதியை வைத்து ஓய்வூதியர்களை இரண்டாகப் பிரிப்பது சமத்துவத்துக்கு எதிரானது, ஓய்வூதியம் கடந்த பணிக்கான ஊதியம் என்று அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. டிசம்பர் 17-ஐ ஓய்வூதியர் சங்கங்கள் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுவது இதனால்தான். தமிழ்நாட்டின் மாவட்டத் தலைநகர்களில் அன்று நடக்கும் கூட்டங்களில் நகாராவின் பெயர் ஒலிக்காமல் இருப்பது அரிது.

சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் இந்த வரலாற்றில் ஓரிடம் உண்டு. விடுப்புப் பணத்துக்கான விலக்கு, வயது முதிர்ந்து ஓய்வுபெறுகிறவருக்கு மட்டுமா, வேலையை ராஜினாமா செய்கிறவருக்கும் உண்டா என்ற கேள்வி 1980-களில் அதன் முன் வந்தது. சட்டத்தில் ஓய்வு என்ற சொல்லுக்குப் பின்னால், வயது முதிர்வினாலோ வேறு வகையிலோ என்ற தொடர் இருக்கிறது. ராஜினாமாவும் அதில் அடங்கும் என்றது நீதிமன்றம். அடிக்கடி நிறுவனம் மாறும் இன்றைய இளைஞர்கள் கடைசிக் கணக்கு முடிக்கும்போது பெறும் விலக்கின் பின்னால் இந்த விளக்கமும் நிற்கிறது.

ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்வதை எல்லோரும் கம்யூட்டேஷன் என்றே சொல்கிறார்கள். மத்திய அரசு ஊழியர் 40 சதவீதம் வரை வாங்கலாம். அந்தத் தொகைக்கு முழு வரி விலக்கு. மற்றவர்களில் பணிக்கொடையும் பெறுகிறவருக்கு முழு ஓய்வூதியத்தின் மூன்றில் ஒரு பங்குக்குரிய தொகைக்கு மட்டும் விலக்கு. பணிக்கொடை இல்லாதவருக்குப் பாதிக்கு. இங்கேயும் அதே சுவர்தான். ஆனால் மாதாமாதம் வரும் மீதி ஓய்வூதியத்துக்கு எல்லோருக்குமே வரி உண்டு, அதுவும் சம்பளம் என்ற தலைப்பில். கணவர் இறந்தபின் மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் மட்டும் இதர வருமானம் என்ற தலைப்புக்கு மாறிவிடும். சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் கிடைக்கும் நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) அதற்குக் கிடையாது. மூன்றில் ஒரு பங்கு அல்லது 15,000 ரூபாய், இரண்டில் குறைந்தது எதுவோ அதுதான் கழிவு. 2024 ஜூலை பட்ஜெட்டில் புதிய வரி முறையில் மட்டும் அது 25,000 ஆனது. அதே பட்ஜெட்டில் உயிரோடிருக்கும் ஓய்வூதியரின் நிலைக்கழிவு 75,000. இறந்தவரின் மனைவிக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு என்பதற்குச் சட்டத்தில் எந்த விளக்கமும் இல்லை.

மாற்ற முயன்றபோது

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் திசை மாறியது. தமிழ்நாடு அரசு 2003 ஏப்ரல் 1-லும், மத்திய அரசு 2004 ஜனவரி 1-லும், அன்று முதல் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியத்தை நிறுத்திப் பங்களிப்பு முறைக்கு மாற்றின. மத்தியில் ராணுவத்துக்கு மட்டும் விதிவிலக்கு. இந்த விஷயத்தில் தில்லிக்கு ஒன்பது மாதம் முந்தியது சென்னை. தமிழ்நாட்டு ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் இந்தப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தின் சுருக்கமான சி.பி.எஸ். என்ற மூன்றெழுத்தை எதிர்த்து ஊர்வலம் போனது இதன் தொடர்ச்சி.

மத்திய அரசின் புதிய திட்டத்தோடு புதிய வரிக் கொள்கையும் வந்தது. உள்ளே போகும்போதும் வளரும்போதும் வரி இல்லை, வெளியே வரும்போது உண்டு. 2005 பட்ஜெட் உரையில் ப. சிதம்பரம் எல்லாச் சேமிப்புக்கும் இந்த முறைதான் சரி என்ற திசையைக் காட்டினார். 2009 ஆகஸ்டில் வெளியான நேரடி வரிச் சட்டத் தொகுப்பின் வரைவு அதை எழுத்திலேயே வைத்தது. எதிர்ப்பு பலமாகவே, 2010 ஜூனில் வந்த திருத்திய அறிக்கை வைப்பு நிதிகளுக்குப் பழைய மூன்று வாசல் விலக்கே தொடரும் என்று பின்வாங்கியது.

பெரிய மோதல் 2016-ல். பிப்ரவரி 29 அன்று பட்ஜெட் வாசித்த அருண் ஜேட்லி, அந்த ஏப்ரலுக்குப் பிறகு சேரும் வைப்பு நிதிப் பணத்தில் 40 சதவீதத்துக்கு மட்டுமே வெளியேறும்போது விலக்கு என்றார். மீதியை மாத ஓய்வூதியமாக மாற்றிக்கொண்டால் வரி இல்லை, மொத்தமாக எடுத்தால்தான் வரி, குறைந்த சம்பளக்காரரை இது தொடாது என்று விளக்கங்கள் வந்தன. யாரும் ஏற்கவில்லை. ஆளும் கட்சிக்கு நெருக்கமான தொழிற்சங்கமும் எதிர்த்தது. எட்டே நாளில், மார்ச் 8 அன்று, மக்களவையில் ஜேட்லி திட்டத்தைத் திரும்பப் பெற்றார்.

ஆறு வாரம் கழித்து இன்னொரு தீ. இது வரியைப் பற்றியதல்ல. முதலாளியின் பங்கை 58 வயது வரை எடுக்கக் கூடாது என்ற விதியைப் பற்றியது. ஏப்ரல் 18, 19 தேதிகளில் பெங்களூரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளின் பெண்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்து நெடுஞ்சாலைகளை மறித்தார்கள். இரண்டாம் நாளே விதி வாபஸ் ஆனது. ஓய்வுக்காலப் பணம் என்று அரசு நினைத்திருந்தது. மகள் கல்யாணத்துக்கும் வேலை போன மாதத்து வாடகைக்கும் அந்தப் பெண்களிடம் இருந்தது அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு வந்த மாற்றங்கள் சத்தமில்லாமல் வந்தன. 2020-ல், வைப்பு நிதி, தேசிய ஓய்வூதியத் திட்டம் உள்ளிட்டவற்றுக்கு முதலாளி தரும் பங்கு ஆண்டுக்கு 7.5 லட்சத்தைத் தாண்டினால் மிகுதிக்கு வரி. 2021-ல், தொழிலாளியின் பங்கு ஆண்டுக்கு 2.5 லட்சத்தைத் தாண்டினால் மிகுதிக்கு வரும் வட்டிக்கு வரி. முதலாளியின் பங்கே இல்லாத கணக்குகளுக்கு இந்த வரம்பு 5 லட்சம். பெரும் சம்பளக்காரர்கள் வரி தப்பும் பெட்டியாக வைப்பு நிதியைப் பயன்படுத்தியதைத் தடுத்த இந்த இரண்டும் நியாயமானவை. மூன்றாவது மாற்றம் வேறு வகை. 2023 முதல் தானாகப் பொருந்தும் புதிய வரி முறையில், தொழிலாளியின் வைப்பு நிதிப் பங்குக்குக் கழிவே கிடையாது. ஜேட்லி வெளிவாசலில் வைக்க முயன்ற வரியைக் கூச்சல் தடுத்தது. உள்வாசலில் இருந்த சலுகை யாரும் கூச்சலிடாமலே உதிர்ந்தது.

எதை மாற்ற வேண்டும்

ஓய்வூதியத்துக்கு முழு வரி விலக்கு வேண்டும் என்பது ஓய்வூதியர் சங்கங்களின் பழைய கோரிக்கை. அதன் பின்னாலுள்ள வலி உண்மை. ஆனால் நகாரா தீர்ப்பை ஏற்றுக்கொண்டால், ஓய்வூதியம் தள்ளிப்போட்ட கூலி என்றால், மற்ற கூலிக்கு உள்ள வரி அதற்கும் உண்டு என்பதே நேர்மையான முடிவு. முழு விலக்கால் அதிகம் லாபமடைபவர் செயலாளராக ஓய்வுபெற்றவரே. மேலும், 2025 பட்ஜெட்டுக்குப் பின் புதிய முறையில் ஆண்டு வருமானம் 12 லட்சம் வரை வரி இல்லை. நிலைக்கழிவையும் சேர்த்தால், வேறு வருமானம் இல்லாதவரின் மாத ஓய்வூதியம் ஒரு லட்சத்தைத் தொட்டாலும் வரி கட்ட வேண்டியதில்லை. வைப்பு நிதி நிறுவனம் தரும் ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகையோ 2014 முதல் மாதம் 1,000 ரூபாய். அந்த ஆயிரத்தை வாங்குகிறவருக்கு வரிச் சலுகையால் எந்தப் பயனும் இல்லை. அவருடைய தேவை ஓய்வூதிய உயர்வு.

காயம் வேறிடத்தில் இருக்கிறது: ஒரே நாளில் கைக்கு வரும் மொத்தத் தொகையில். ஒரு கணக்கைப் பார்க்கலாம். தனியார்த் தொழிற்சாலையில் 33 ஆண்டு பணியாற்றி, டிசம்பர் 31 அன்று ஓய்வுபெறுகிறார் ஒருவர். கடைசிச் சம்பளம் 1,20,000 ரூபாய். சூத்திரப்படி பணிக்கொடை 22,84,615. நிறுவனம் வரம்பைப் பாராமல் முழுவதும் தருகிறது. அந்த நிதியாண்டின் ஒன்பது மாதச் சம்பளம் 10.8 லட்சம், நிலைக்கழிவு போக 10,05,000. இதற்கு மட்டும் வரி இல்லை. ஆனால் 20 லட்சத்தைத் தாண்டிய பணிக்கொடை 2,84,615 அதோடு சேர்கிறது. வருமானம் 12 லட்சத்தைக் கடந்ததும், அதுவரை வரியை இல்லாமல் செய்த தள்ளுபடி பறிபோகிறது. வரியும் கூடுதல் வரியுமாகச் சுமார் 76,000 ரூபாய். தாண்டிய தொகையில் கால்பங்குக்கும் மேல் போய்விட்டது. அரசு ஊழியராக இருந்து இதே தொகையை வாங்கியிருந்தால் வரி பூஜ்யம்.

இப்படி ஒரே ஆண்டில் குவியும் வருமானத்தைப் பின்னோக்கிப் பரப்பிப் பார்க்கும் நிவாரணம் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் பதினைந்து ஆண்டுக்கு மேல் பணியாற்றியவருக்கு அது முந்தைய மூன்று ஆண்டுகளை மட்டுமே பார்க்கும். அவை பெரும்பாலும் அவர் அதிகபட்சச் சம்பளம் வாங்கிய ஆண்டுகள். முப்பத்து மூன்று ஆண்டு வியர்வையை மூன்றே ஆண்டில் அடைத்து அளக்கும் அளவுகோல் இது.

ஆகவே செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, அரசு ஊழியர், மற்றவர் என்ற சுவரை எடுத்துவிட்டுப் பணிக்கொடை, விடுப்புப் பணம், தொகுத்துப் பெறும் ஓய்வூதியம் மூன்றுக்கும் எல்லோருக்கும் ஒரே வரம்பு வைப்பது. 2019-ல் தில்லி உயர் நீதிமன்றத்தில் பொதுத்துறையில் ஓய்வுபெற்றவர்கள் இந்தப் பாகுபாட்டை எதிர்த்தபோது, அரசு ஊழியரும் பொதுத்துறை ஊழியரும் சட்டப்படி ஒன்றல்ல என்றது நீதிமன்றம். சட்டப்படி அது சரியாக இருக்கலாம். அப்படியென்றால் மாற்ற வேண்டியது சட்டம். இரண்டாவது, வரம்பு தானாக ஏறவேண்டும். அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டதும் மத்திய அரசு ஊழியரின் பணிக்கொடை வரம்பு 25 சதவீதம் உயரும் முறை ஏற்கெனவே நடப்பில் இருக்கிறது. விலைவாசிக் குறியீடு அரசு ஊழியரின் வீட்டு அடுப்புக்கு ஒன்று, மில் தொழிலாளியின் அடுப்புக்கு வேறொன்று என்று இல்லை.

இதனால் கஜானாவுக்கு இழப்பு என்பார்கள். பொதுவான வரம்புக்கு மேல் பெறுகிற எவரிடமும், அவர் அரசின் உச்சப் பதவியில் இருந்தவராயினும், வரி வாங்கலாம். நாட்டின் பெரும்பான்மை உழைப்பாளிகளுக்கு, கட்டடத் தொழிலாளிக்கும் வீட்டு வேலை செய்பவருக்கும் பாய் முடைபவருக்கும், விலக்கு கேட்பதற்குரிய ஓய்வுத் தொகையே இல்லை என்பதையும் மறக்க முடியாது. விலக்குகளைச் சீர்ப்படுத்தி மேல்தட்டில் மிச்சமாவதை அவர்களுடைய முதுமைக்குத் திருப்பலாம்.

1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வந்திருக்கிறது. அதன் தொடக்க நாள் 2026 ஏப்ரல் 1. மொழி எளிதாகியிருக்கிறது, பிரிவுகள் குறைந்திருக்கின்றன. அரசு ஊழியருக்கு ஒரு பத்தி, மற்றவருக்கு ஒரு பத்தி என்ற பழைய பிரிவினை மட்டும் புதிய எண்களோடு இடம் மாறி அமர்ந்திருக்கிறது. இதற்கிடையே எட்டாவது ஊதியக் குழு நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாயின் தலைமையில் அமைக்கப்பட்டு, அறிக்கை தர அதற்குப் பதினெட்டு மாத அவகாசம் கொடுக்கப்பட்டது. அந்த அறிக்கை நடப்புக்கு வரும்போது அமைச்சரவைச் செயலாளரின் அடிப்படைச் சம்பளம் 2,50,000-லிருந்து வேறொரு எண்ணுக்கு மாறும். அன்று அந்த எண்ணைப் பத்தால் பெருக்கி, விடுப்புப் பணத்தின் வரம்பைத் திருத்தும் ஓர் அறிவிக்கை வெளிவர வேண்டும். போன முறை அதற்கு ஏழு ஆண்டுகள் ஆயின.